1931 ஆஸ்டின் செவன் சலூன் வாங்கலாமா?

லெஸ்டரில் குடும்பத்தோடு இருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "1931ஆம் ஆண்டு ஆஸ்டின் செவன் சலூன், அதாவது கூரையோடு மூடிய கார், ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 'வின்டேஜ்' கார் என்று போட்டிருக்கிறார்கள். வெறும் ஏழு குதிரைசக்தி வண்டி ஒரு குடும்பத்தை எப்படிச் சுமந்தது? இதில் அப்படி என்ன விசேஷம்? வீட்டில் ஏழு வயதுப் பெண்ணும் இரண்டு வயதுப் பையனும் இருக்கிறார்கள். நம்பி வாங்கலாமா?"

நான் பர்மிங்காம் பக்கம் இருக்கிறேன். இயந்திரப் பொறியாளர் வேலை. பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் 1929 மாடல் செவன் சலூன் ஒன்று இருக்கிறது. எட்டு வருடமாக அவரோடு சேர்ந்து அதைப் பிரித்து மாட்டி, ஓட்டிப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் அந்த 'ஏழு'. அது எஞ்சினின் பலம் இல்லை, வரிக் கணக்கு. 1921 முதல் பிரிட்டனில் காருக்கு ஆண்டு வரி குதிரைசக்திக்கு 1 பவுன் என்று வந்தது. அந்தக் குதிரைசக்தியை எஞ்சினை ஓட விட்டு அளக்கவில்லை. ஒரு வாய்பாடு வைத்திருந்தார்கள். சிலிண்டரின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, சிலிண்டர் எத்தனையோ அதாலும் பெருக்கி, 2.5ஆல் வகுத்தால் வருவதுதான் வரிக்கான குதிரைசக்தி. செவனில் கடைசி வரை நிலைத்த எஞ்சினில் விட்டம் 2.2 அங்குலம், நாலு சிலிண்டர். கணக்குப் போட்டால் ஏழே முக்கால் வரும். மேலே முழுமையாக்கி வருடத்துக்கு 8 பவுன் வரி. உண்மையில் அந்த எஞ்சின் தரும் பலம் நிமிடத்துக்கு 2,400 சுற்றில் பத்தரை குதிரைசக்தி.

வாய்பாட்டில் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரத்துக்கு, அதாவது ஸ்ட்ரோக்குக்கு, இடமே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? அதனால் பிரிட்டிஷ் பொறியாளர்கள் சிலிண்டரைக் குறுகலாக வைத்து ஸ்ட்ரோக்கை நீட்டினார்கள். வரி ஏறாமல் கொள்ளளவு கூடும். அந்தத் தலைமுறை பிரிட்டிஷ் எஞ்சின்கள் பெரும்பாலும் ஒல்லியாக, உயரமாக, மெதுவாகச் சுற்றும் போதே இழுக்கும் குணத்தோடு இருப்பதற்கு இந்த வரிதான் காரணம். செவனில் விட்டம் 56 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 76. கொள்ளளவு 747 சிசி. நம் ஊர் மாருதி 800ஐ விடக் கொஞ்சம் குறைவு.

இந்த வரிதான் ஆஸ்டின் செவனையே பிறக்க வைத்தது. ஹெர்பர்ட் ஆஸ்டின் பர்மிங்காமுக்குத் தென்மேற்கே லாங்பிரிட்ஜில் 1905இல் தன் தொழிற்சாலையைத் தொடங்கினார். முதல் உலகப் போரில் அது குண்டும் தளவாடமும் செய்து பிரம்மாண்டமாக வளர்ந்துவிட்டது. போர் முடிந்ததும் அவ்வளவு பெரிய தொழிற்சாலைக்கு வேலை வேண்டுமே. ஆஸ்டின் ஒரே ஒரு மாடலை நம்பினார்: 3,600 சிசி எஞ்சின் போட்ட ஆஸ்டின் ட்வென்டி. நல்ல வண்டி, ஆனால் பெரிய வண்டி. புதிய வரியில் அது 22.4 குதிரைசக்தி, அதாவது ஆண்டுக்கு 23 பவுன். அப்போது நாடே பொருளாதார மந்தத்தில் இருந்தது. 1921 ஏப்ரலில் கம்பெனி கடன் தாங்காமல், கடன்காரர்களுக்காக நிர்வாகத்தைக் கவனிக்கும் ரிசீவர் கைக்குப் போய்விட்டது.

அந்த நிலையில்தான் ஆஸ்டின் மிகச் சிறிய கார் ஒன்றைப் பற்றிப் பேசினார். மோட்டார் சைக்கிளும் சைட்காரும் நிற்கிற இடத்தில் நிற்க வேண்டும். சைட்காரில் மனைவியையும் குழந்தையையும் உட்கார வைத்து மழையில் நனைந்துகொண்டு போகிறவன் வாங்கும்படி இருக்க வேண்டும். இயக்குநர் குழு ஒத்துக்கொள்ளவில்லை. அவர் விடவில்லை. தொழிற்சாலையிலிருந்து ஸ்டான்லி எட்ஜ் என்ற 18 வயது வரைவாளரை லிக்கி கிரேஞ்ச் என்ற தன் வீட்டுக்கு அழைத்துப்போனார். பில்லியர்ட்ஸ் அறையில் வரைபலகை போட்டு இருவரும் உட்கார்ந்தார்கள். தன் சொந்தப் பணத்தைப் போட்டார், பல அம்சங்களுக்குத் தன் பெயரிலேயே காப்புரிமை எடுத்தார். அதற்கு ஈடாக விற்கும் ஒவ்வொரு காருக்கும் கம்பெனி அவருக்கு 2 கினி (2 பவுன் 2 ஷில்லிங்) கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. கடைசியில் கிட்டத்தட்ட 2,90,000 வண்டிகள் விற்றன.

எட்ஜ் பையனைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஆஸ்டினின் மனதில் முதலில் இருந்தது காற்றால் குளிரும் இரட்டை சிலிண்டர் எஞ்சின். அந்தக் காலத்தில் மலிவான சின்ன வண்டி என்றால் அப்படித்தான் செய்தார்கள். சைக்கிள்கார் என்று ஒரு ஜாதி இருந்தது. ஒல்லியான சட்டம், மோட்டார் சைக்கிள் எஞ்சின், பெல்ட்டோ செயினோ போட்ட சக்கரம். ஓடும், ஆனால் அதிரும், அடிக்கடி நிற்கும், வீட்டுப் பெண்கள் ஏறத் தயங்குவார்கள். நாலு சிலிண்டரைச் சின்னதாகச் செய்தால் செலவு பெரிதாகக் கூடாது, ஓட்டம் வழுவழுப்பாக இருக்கும் என்று அந்தப் பையன் தன் முதலாளியிடமே வாதாடி ஜெயித்தான். 1922 ஜூலையில் வண்டியை அறிவித்தார்கள். சில வருடங்களில் சைக்கிள்கார் என்ற ஜாதியே பிரிட்டனில் காணாமல் போனது.

உங்கள் கேள்விக்கு என் பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. செவன் என்பது பெரிதாக்கிய மோட்டார் சைக்கிள் இல்லை, சிறிதாக்கிய முழு கார். நாலு சிலிண்டர், தண்ணீரால் குளிரும் எஞ்சின், கியர்பாக்ஸ், புரொப்பல்லர் ஷாஃப்ட், பின் அச்சில் டிஃபரன்ஷியல், நாலு சக்கரத்துக்கும் பிரேக். 1922இல் பெரிய பெரிய கார்கள் பலவற்றிலேயே முன் சக்கரத்துக்கு பிரேக் கிடையாது! ஒன்றையும் விடாமல், எல்லாவற்றையும் சுருக்கியிருக்கிறார்கள். முதல் திறந்த வண்டி ஏறத்தாழ 360 கிலோதான். நீளம் சுமார் 2.7 மீட்டர், அகலம் 1.2 மீட்டருக்குள். பத்தரை குதிரைசக்தி ஒரு குடும்பத்தை எப்படி இழுத்தது என்றால் விடை இந்த எடையில் இருக்கிறது. வேகம் எதிர்பார்க்காதீர்கள். சமதரையில் மணிக்கு 35 மைல், அதாவது 56 கிலோமீட்டரில் போவதுதான் அதன் சுகமான நடை.

சரி, உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். வாங்குகிறவருக்கு இது தெரிய வேண்டும்.

சேசிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், ஆங்கில 'ஏ' எழுத்து மாதிரி இருக்கும். முன்னால் இரண்டு சட்டங்களும் கூடி ஒன்றாகும், பின்னால் போகப் போக விரியும். கூடுகிற முனையில் ஒரே ஒரு கமான்பட்டை குறுக்காக, முன் அச்சுக்கு. பின்னால் சட்டத்தின் இரு முனைகளிலிருந்தும் கால்வட்டக் கமான்பட்டைகள் வால் மாதிரி நீட்டிக்கொண்டு பின் அச்சைத் தாங்கும். எளிமை என்றால் இதுதான். ஆனால் வளைவில் வண்டி சாயும்போது பின் அச்சும் லேசாகத் திரும்பும். அதனால் செவன் தானாகவே கொஞ்சம் ஸ்டீயரிங் பிடிக்கும். முதல் நாள் பயமாக இருக்கும். பழகினால், இடுப்பில் வைத்த குழந்தை நெளிவதைத் தாய் உணர்கிற மாதிரி கைக்குத் தெரிந்துவிடும்.

எஞ்சினைக் குளிர வைக்கத் தண்ணீர்ப் பம்ப் கிடையாது. சூடான தண்ணீர் மேலே ஏறும், ரேடியேட்டரில் ஆறியது கீழே இறங்கும், அந்த ஓட்டமே போதும். உங்கள் 1931 வண்டியில் பெட்ரோல் பம்பும் இருக்காது. டேங்க் டாஷ்போர்டுக்கு முன்னால், பானெட்டுக்கு அடியில் உயரத்தில் இருக்கிறது. பெட்ரோல் தானாக இறங்கி கார்புரேட்டருக்குப் போகும். கெட்டுப்போவதற்கான பொருளே இல்லாமல் செய்வது என்ற இந்த எண்ணம் எனக்கு மிகவும் பிடிக்கும். இல்லாத பம்ப் ரிப்பேர் ஆகாது அல்லவா.

ஆயில் விஷயத்தில்தான் பலர் பதறுவார்கள். இன்றைய எஞ்சின் மாதிரி, பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க்சாஃப்டுக்குள் துளை போட்டு அழுத்தத்தோடு ஆயில் அனுப்புவதில்லை. பம்ப் ஆயிலை மேலே தூக்கி, ஜெட் என்ற இரண்டு சிறிய துளைமுனைகள் வழியாகக் கிராங்க்சாஃப்டின் பக்கவாட்டை நோக்கிப் பீய்ச்சுகிறது. சுழலும் வேகத்தில் அந்த ஆயில் வெளிப்பக்கம் தள்ளப்பட்டு, பிஸ்டன் தண்டுகள் கிராங்க்சாஃப்டோடு சேரும் பிக்-எண்ட் பேரிங்குகளுக்குப் போய்ச் சேருகிறது. ஆகவே ஆயில் அழுத்தம் மிகக் குறைவு. இன்றைய கணக்கில் அது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. மீட்டரைப் பார்த்து எஞ்சின் போச்சு என்று நினைக்க வேண்டாம். ஆனால் அந்த ஜெட்டில் தூசி அடைத்தால் உண்மையாகவே எஞ்சின் போய்விடும். வெளியே இருக்கும் திருகைக் கழற்றி மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தம் செய்யலாம், கால் மணி நேர வேலை. வாங்கிய முதல் வாரம் செய்துவிடுங்கள். ஆயிலையும் சொன்ன காலத்துக்கு முன்பே மாற்றுங்கள். இந்த எஞ்சினுக்கு நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய மரியாதை அதுதான்.

கிராங்க்சாஃப்ட் இரண்டே பேரிங்கில் நிற்கிறது, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. நடுவில் தாங்கல் இல்லை. வேகமாகச் சுற்றும்போது நடுப்பகுதி சாட்டை போல வளையும். வருடக்கணக்கில் வளைந்து வளைந்து உலோகம் களைத்து ஒரு நாள் உடையும். 1936இல்தான் நடுவில் மூன்றாவது பேரிங் வந்தது. உங்கள் வண்டி அதற்கு ஐந்து வருடம் மூத்தது. அதனால் விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இதில் இருப்பது பழைய கிராங்க்சாஃப்டா, புதிதாகச் செய்து போட்டதா என்பது. இன்று இன்னும் பலமான எஃகில் புதிதாகக் கடைந்து விற்கிறார்கள். அது போட்டிருந்தால் விலை கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் கொடுக்கலாம்.

அடுத்தது பிரேக். இதை நிதானமாகப் படியுங்கள். நாலு சக்கரத்துக்கும் பிரேக் என்று மேலே சொன்னேன். ஆனால் 1930 வரை காலால் மிதித்தால் பின் சக்கரம் மட்டும் பிடிக்கும், முன் சக்கரத்துக்குக் கைப்பிரேக். இரண்டும் தனித்தனி. பெரியவரின் 1929 வண்டி அப்படித்தான். அவசரத்தில் காலை அழுத்திக்கொண்டே கையையும் இழுக்க வேண்டும். நான் முதன்முதலாக அதை ரவுண்டபவுட்டில் ஓட்டிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. முன்னால் போன வேன் சட்டென்று நின்றது. மிதித்தேன், வண்டி நிற்கவில்லை, வேகம் குறைந்தது அவ்வளவுதான். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒன்றும் பேசாமல் கைப்பிரேக்கை இழுத்தார். வேனுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருக்கும். இறங்கியதும் அவர் சொன்னது இதுதான்: "இந்த வண்டியில் பிரேக் பிடிப்பது காலால் இல்லை, கண்ணால்." அதற்கு அப்புறம் நூறு அடிக்கு முன்னாலேயே பார்த்து ஓட்டப் பழகிக்கொண்டேன். உங்கள் 1931 வண்டியில் கால் பிரேக்கே நாலு சக்கரத்தையும் பிடிக்கும். அது பெரிய வித்தியாசம். ஆனாலும் கேபிள் போட்ட பிரேக்தான், ஹைட்ராலிக் இல்லை. கேபிள்கள் சமமாக இழுபடும்படி சரிசெய்யாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். சோதனை ஓட்டத்தில் ஆளில்லாத தெருவில் ஒரு முறை அழுத்திப் பாருங்கள்.

கிளட்ச் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். பெடல் நகர்கிற தூரமே மிகவும் கொஞ்சம். பிடிப்பதற்கும் விடுவதற்கும் நடுவில் ஒரு நூல் அளவுதான் இருக்கிறது. நம் பழக்கத்தில் ஆக்ஸிலேட்டரைக் கொடுத்துக்கொண்டே கிளட்சை விட்டால் வண்டி தவளை மாதிரி குதித்து நின்றுவிடும். குதிகாலைத் தரையில் ஊன்றி, கணுக்காலை மட்டும் அசைத்து விட வேண்டும். எஞ்சின் சத்தத்தைக் கொஞ்சம் உயர்த்தி, அப்படியே நிலையாக வைத்து, மெல்ல விடுங்கள். விடும்போது ஆக்ஸிலேட்டரைத் தொடாதீர்கள். ஒரு சனிக்கிழமை காலை காலியான கார் பார்க்கில் பழகினால் வந்துவிடும்.

கியர் மூன்று. நாலாவது கியர் 1932இல் வந்தது, கியர் உரசாமல் விழும் சிங்க்ரோமெஷ் அதற்கும் பிறகு. ஆகவே கீழ்க்கியருக்கு வரும்போது டபுள் டிகிளட்ச் செய்ய வேண்டும்: கிளட்ச் மிதித்து நியூட்ரல், கிளட்சை விட்டு ஆக்ஸிலேட்டரில் ஒரு தட்டு, மறுபடி கிளட்ச், கீழ்க்கியர். நம் ஊரில் பழைய லாரி, பஸ் ஓட்டியவர்களுக்கு இது கைவந்த கலை. உங்கள் அப்பாவோ மாமாவோ பழைய லேலண்ட் ஓட்டியவராக இருந்தால், இங்கே வரும்போது அவரிடம் சாவியைக் கொடுத்துப் பாருங்கள். உங்களை விடச் சீக்கிரம் பழகிவிடுவார்.

இப்போது 'வின்டேஜ்' என்ற சொல். இங்கிலாந்தில் இதற்குத் துல்லியமான எல்லை ஒன்று உண்டு. 1934இல் தொடங்கிய வின்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப் வகுத்த கணக்கில் 1930 டிசம்பர் 31 வரை செய்த காருக்குத்தான் அந்தப் பெயர். அவர்கள் கிளப் தொடங்கியபோது அந்த வண்டிகளில் கடைசியாக வந்தவை வெறும் நாலைந்து வருடப் பழசுதான். 1930க்குப் பிறகு வந்தவை மலிவாக, அவசரமாகச் செய்யப்பட்டவை என்ற மனக்குறை அதற்குப் பின்னால் இருந்தது. அந்தக் கணக்கில் 1931 வண்டி ஒரு வருடம் பிந்தியது. விற்பவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம், பேச்சுவழக்கில் எல்லாப் பழைய காரையும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தச் சொல்லுக்காக அதிக விலை கேட்டால் கொடுக்காதீர்கள். ஓட்டுகிற உங்களுக்கு, இணைந்த பிரேக் இருக்கும் 1931தான் 1929ஐ விட நல்லது.

1931 என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். அந்த வருடத்தில்தான் வீல்பேஸ் 1,905 மில்லிமீட்டரிலிருந்து 2,057க்கு நீண்டது. ஆறு அங்குலம் என்பது நமக்கு ஒன்றுமில்லை, செவனுக்கு அது பின் சீட்டில் இருப்பவரின் முழங்கால். டேப் எடுத்துப்போய் முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை அளந்து பாருங்கள். குடும்பத்துக்கு என்றால் நீளமானது. அழகுக்கு என்றால், என் கண்ணுக்குக் குட்டையானதுதான் அழகு. தீப்பெட்டியைச் செங்குத்தாக நிறுத்தியது மாதிரி ஒரு நிமிர்வு அதில் இருக்கிறது.

எஞ்சின் பிளாக்கில் வால்வுகளைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று அதன் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றாமல் சொல்ல முடியாது. ஆனால் எஞ்சின் சூடானதும் ரேடியேட்டரில் குமிழ் வந்துகொண்டே இருந்தால் சந்தேகப்படுங்கள். முன் சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் ஆட்டி, சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங்பின்னில் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். தரைத்தகட்டை அடியிலிருந்து பாருங்கள். கதவு திறக்கும்போது தொங்கினால் பாடிக்குள் இருக்கும் மரம் உளுத்திருக்கலாம். தகடு வேலையை விட மர வேலைக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். உதிரி பாகத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். தொண்ணூறு வருடத்துக்கு மேல் ஆன கார்களில் இவ்வளவு சுலபமாகப் பாகம் கிடைப்பவை மிகக் குறைவு. கேஸ்கெட் முதல் பல்சக்கரம் வரை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள்.

எண்களைச் சரிபார்ப்பதுதான் மிக முக்கியம். சேசிஸ் எண்ணும் பதிவுப் புத்தகத்தில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். ஏன் இதை அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்த வண்டிகளின் வரலாற்றில் ஒரு சோகம் இருக்கிறது.

ஆஸ்டின் செவனின் புகழைப் பேசுகிறவர்கள் எல்லோரும் அதிலிருந்து பிறந்தவற்றைத்தான் பேசுவார்கள். உண்மைதான், அந்த வம்சம் பெரியது. ஜெர்மனியில் ஐசெனாக் நகரத்து டிக்ஸி நிறுவனம் உரிமம் வாங்கி இதைச் செய்தது. 1928இல் பிஎம்டபிள்யூ டிக்ஸியை வாங்கியது. அப்படி பிஎம்டபிள்யூ பெயரில் வந்த முதல் கார் ஒரு ஆஸ்டின் செவன்தான். பிரான்சில் ரோசன்கார் செய்தார். அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் பட்லர் நகரில் 1930இல் தொடங்கிய தொழிற்சாலை பிறகு பேண்டம் என்று பெயர் மாறி, 1940இல் ஜீப்பின் முதல் முன்மாதிரியைச் செய்துகொடுத்தது. பிளாக்பூலில் சைட்கார் செய்துகொண்டிருந்த வில்லியம் லயன்ஸ் 1927இல் செவன் சேசிஸ் மேல் அழகான பாடி கட்டி விற்றார், அந்தத் தொழில்தான் வளர்ந்து ஜாகுவார் ஆனது. காலின் சாப்மன் 1948இல் கட்டிய முதல் லோட்டஸ் ஒரு பழைய செவன்தான். நியூசிலாந்தில் புரூஸ் மெக்லாரன் சிறு வயதில் போட்டிக்கு ஓட்டியதும் ஒரு செவன்.

ஆனால் இந்தப் புகழுக்கு விலை கொடுத்தவை சலூன்கள். இரண்டாம் போருக்குப் பிறகு பழைய செவன் மிகவும் மலிவாகக் கிடைத்தது. கையில் காசில்லாத, ஆனால் பந்தய ஆசை இருந்த இளைஞர்கள் ஒரு குடும்ப சலூனை வாங்கி, மேல் பாடியை வெட்டி எறிந்துவிட்டு, சேசிஸ் மேல் தகரமோ அலுமினியமோ வளைத்து 'ஸ்பெஷல்' கட்டினார்கள். அதில் நல்ல பொறியாளர்கள் பலர் உருவானார்கள், அதை நான் மறுக்கவில்லை. 1939இல் தொடங்கிய 750 மோட்டார் கிளப் இந்தக் கலைக்கே ஒரு பள்ளிக்கூடமாக இருந்தது. ஆனால் இன்றும் அது நிற்கவில்லை. அல்ஸ்டர் என்ற பந்தய மாடலுக்கு விலை அதிகம் என்பதால், நல்ல நிலையில் இருக்கும் சலூனைக் கூட உடைத்து அல்ஸ்டர் மாதிரி பாடி போட்டு விற்கிறார்கள். வெட்டப்பட்ட ஒவ்வொரு சலூனிலும் யாரோ ஒரு குடும்பம் முதன்முறையாகக் கடலைப் பார்க்கப் போயிருக்கும். மழையில் நனையாமல், மூன்று பிள்ளைகளைப் பின்னால் திணித்துக்கொண்டு, மேட்டில் ஆளை இறக்கித் தள்ளி ஏற்றியாவது போயிருப்பார்கள். இந்த வண்டி அவர்களுக்காகத்தான் பிறந்தது, பந்தயத்துக்காக இல்லை. முழு உடம்போடு மிஞ்சியிருக்கும் ஒரு குடும்ப சலூன் என் பார்வையில் எந்த அல்ஸ்டரை விடவும் மதிப்பானது. உங்களிடம் யாராவது வந்து, இதை வெட்டி ஸ்போர்ட்ஸ் ஆக்கலாம் என்று சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

செவனோடு போட்டி போட்டவையும் இருந்தன: 1928இல் மாரிஸ் மைனர், 1932இல் ஃபோர்டு மாடல் ஒய், 1934இல் மாரிஸ் எய்ட். ஃபோர்டு 1935இல் விலையை 100 பவுனுக்கே இறக்கியது. வசதி என்று பார்த்தால் மாரிஸ் எய்ட் செவனை விடச் சௌகரியமான வண்டி, அதில் ஹைட்ராலிக் பிரேக் உண்டு. தினமும் ஓட்டுவதற்கு ஒரு 1930கள் கார் என்று நீங்கள் கேட்டிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். 1939இல் செவன் நின்றுபோனது.

இனி சட்டமும் செலவும். நாற்பது வருடம் தாண்டிய கார் என்பதால் சாலை வரி இல்லை. ஆனால் வரியில்லா வகையில் வருடாவருடம் பதிவு செய்தே ஆக வேண்டும். பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டிக்கு எம்ஓடி என்ற வருடாந்திரத் தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை. கட்டாயமில்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள். வருடத்துக்கு ஒரு முறை பழைய வண்டி தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள். புகை அதிகம் விடும் வண்டிகளுக்கு லண்டனில் வாங்கும் யூலெஸ் கட்டணமும் கிடையாது. பெட்ரோல் பங்கில் சாதாரணமாகக் கிடைக்கும் இ10ல் எத்தனால் 10 சதவீதம் வரை இருக்கிறது. அது பழைய ரப்பர் குழாய்களையும் டேங்கையும் அரிக்கும். சூப்பர் என்று விற்கும் இ5 போடுங்கள். ஈயம் இல்லாத பெட்ரோலுக்காக இந்த எஞ்சினில் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, அழுத்த விகிதம் அவ்வளவு குறைவு. மோட்டார்வே பக்கம் போகாதீர்கள். தடை எதுவும் இல்லை, ஆனால் 35 மைலில் போகும் வண்டிக்குப் பின்னால் 44 டன் லாரி வந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். லெஸ்டரைச் சுற்றி இருக்கும் கிராமத்துச் சாலைகளே இதற்கு ஏற்ற இடம்.

கடைசியாகப் பிள்ளைகள். செவனில் சீட் பெல்ட் கிடையாது. தயாரிக்கும்போதே பெல்ட் இல்லாத காரில் மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தையை ஏற்றிக்கொண்டு போக பிரிட்டிஷ் சட்டத்தில் இடமில்லை. மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் பின் சீட்டில் மட்டும் உட்காரலாம். ஆகவே பெண் வரலாம், பையன் இப்போதைக்கு வர முடியாது. அவனுடைய மூன்றாவது பிறந்தநாளுக்குள் ஜெட்டைச் சுத்தம் செய்து, பிரேக் கேபிள்களைச் சமப்படுத்தி, கிளட்சை நீங்கள் நன்றாகப் பழகி முடித்துவிடலாம். வண்டியைப் பார்க்கப் போகும் நாளைச் சொல்லுங்கள். பர்மிங்காமிலிருந்து லெஸ்டர் ஒரு மணி நேரம்தான், நானும் டேப்பும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு வருகிறேன்.